சைனஸ் சிடி ஸ்கேனுக்கு லோ டோஸ் (கம்மி கதிர்வீச்சு) கேட்டு எடுத்தவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

ரொம்ப நாளா மூக்கடைப்பு, ஸ்ப்ரே மாத்திரை எல்லாம் பாத்தாச்சு, இஎன்டி டாக்டர் எண்டோஸ்கோப்பி பண்ணிட்டு சிடி எழுதிக் கொடுத்தாங்க. டேபிள்ல படுக்கிறதுக்கு முன்னாடி டெக்னீஷியன்கிட்ட "இது சைனஸுக்குன்னு இருக்கிற லோ டோஸ் செட்டிங் தானே"ன்னு கேட்டேன். மனுஷன் முகம் சுளிக்கவே இல்ல, போய்ப் பாத்துட்டு "தலைக்கு எடுக்கிற ப்ரோட்டோகால் (மெஷின் செட்டிங்) தான் ஓபன்ல இருக்கு, மாத்திடறேன்"னார். கேவியை (எக்ஸ்ரே குழாயோட வோல்டேஜ்) 120ல இருந்து 100க்கு இறக்கி, எம்ஏவை (குழாய்ல போற கரண்ட்) நல்லா குறைச்சு, நெத்தி சைனஸ்ல ஆரம்பிச்சு மேல்பல் வரைக்கும் மட்டும்னு ஸ்கேன் ஆகுற இடத்துக்குப் பெட்டி போட்டார். மூளையில இருக்கிற நுணுக்கமான வித்தியாசம் தெரியணும்னா தான் டோஸ் நிறைய வேணுமாம், சைனஸ்ல பாக்கிறது எலும்பும் காத்தும், அது ரெண்டும் பளிச்னு பிரிஞ்சு தெரியும், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் டாக்டருக்குப் போதும்.

முடிஞ்சதும் டோஸ் பேஜ் கேட்டு வாங்கினேன், டிஎல்பி (முழு ஸ்கேனுக்கும் சேர்த்து மெஷின் காட்டுற கதிர்வீச்சு கணக்கு) 50க்குக் கீழ. பெரியவங்க தலைக்கு அதை 0.0021ஆல பெருக்கினா தோராயமா மில்லிசீவர்ட் (உடம்புக்கான கதிர்வீச்சு அளவு) கிடைக்கும், அப்போ அதிகபட்சமே 0.1 பக்கம் தான். இயற்கைக் கதிர்வீச்சே ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு உலக சராசரி ரெண்டு மூணு மில்லிசீவர்ட் வருதுன்னு பாக்கும்போது மனசு லேசாச்சு. எல்லாரும் கேளுங்கப்பா, கேக்கிறது நம்ம உரிமை.

பதில் 1
நல்ல பதிவுங்க. என் பையனுக்கு 5 வயசு, மூக்குல பச்சையா சளி, நானே சிடி எடுக்கலாமான்னு கேட்டேன், டாக்டர் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. சாதாரண சளியிலயே படத்துல சைனஸ் அடைச்ச மாதிரி தான் தெரியுமாம், அதை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாதாம். நீங்க சொன்ன 0.0021 இந்த வயசுக்கு 0.004, அதாவது அதே டிஎல்பிக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா ஒண்ணு, கண்ணைச் சுத்தி வீங்கினா, பார்வை மங்கினா, விடாம தலைவலியும் காய்ச்சலும் இருந்தா உடனே தூக்கிட்டு வாங்க, அப்ப ஸ்கேன் தேவைப்பட்டா டோஸைப் பத்தி யோசிச்சுட்டு நிக்காதீங்கன்னு அழுத்திச் சொன்னாங்க.

பதில் 2
எனக்கு நடந்தது வேற, இன்னும் ஆறல. ஸ்கேன் எடுத்து அப்புறம் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன்னு முடிவாச்சு, சர்ஜன் நேவிகேஷன் (கருவி எங்க இருக்குன்னு ஸ்கேன் படத்துல காட்டுற சிஸ்டம்) வச்சு பண்றவர், ஸ்கேனைப் போட்டுப் பாத்தா தடிமனான ஸ்லைஸ் (படத் துண்டு) மட்டும் தான் இருக்கு, நேவிகேஷனுக்கு வேண்டிய மெல்லிசு ஸ்லைஸை ஸ்கேன் சென்டர்ல சேவ் பண்ணாம அழிச்சுட்டாங்க. திரும்ப முதல்ல இருந்து இன்னொரு ஸ்கேன். எவ்வளவு தான் டோஸ் குறைச்சாலும் ரெண்டு தடவை எடுத்தா என்ன பிரயோஜனம்? ஆபரேஷன் வர வாய்ப்பு இருந்தா முன்கூட்டியே சர்ஜன்கிட்ட கேட்டு "நேவிகேஷனுக்கு ஆகுற மாதிரி"ன்னு சீட்டுல எழுதி வாங்குங்க, டைகாம் ஃபைல் (ஸ்கேனோட ஒரிஜினல் டிஜிட்டல் படங்கள்) முழுசா டிஸ்க்ல வாங்கிப் பத்திரமா வைங்க. முன்னெல்லாம் குப்புறப் படுக்க வச்சு தலையைத் தூக்கி கரோனல் வியூவுக்குன்னு (முகத்தை முன்னால இருந்து பாக்கிற மாதிரி படம்) தனியா எடுப்பாங்க, இப்ப ஒரே தடவை எடுத்த டேட்டாவுல இருந்து கம்ப்யூட்டரே எல்லா வியூவும் போட்டுடும், அதனால ரெண்டாவது தடவை படுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க.

பதில் 3
கண்ணுக்கு மேல ஷீல்டு வைப்பாங்களான்னு நான் கேட்டேங்க, கண் லென்ஸ் அந்த வழியில தானே இருக்கு. ஷீல்டு வச்சா படத்துல கோடு கோடா விழும், அதுக்குப் பதிலா எம்ஏவையே குறைக்கிறது தான் நல்லதுன்னு ரேடியாலஜிஸ்ட் சொல்லி அப்படியே எடுத்தாங்க. ரிப்போர்ட் தெளிவா வந்துச்சு.