புதுப்பிப்பு: ஃபிட்னஸ் பேண்ட் எட்டு மணி நேரத் தூக்கம் காட்டியும் அம்மாவுக்குச் சோர்வு – காரணம் தெரிந்தது

கடலூர் முதுநகரில் இருக்கும் அம்மா கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்ட் தினமும் எட்டு மணி நேரத் தூக்கம் காட்டியும் அவர் பகலெல்லாம் அசந்து கிடப்பது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பேண்டை ரீசெட் செய்ததில் பயனில்லை. 14 நாட்கள் தூக்கக் குறிப்பு எழுதி, அதைச் செயலியின் மணிவாரி வரைபடத்தோடு ஒப்பிடச் சொன்ன யோசனையே பலித்தது. காலண்டர் தாளின் பின்புறம் அம்மா பென்சிலால் "2.10 விழிப்பு, 3.40 இன்னும் விழிப்பு" என்று குறித்திருந்த நேரம் முழுவதையும் பேண்ட் தூக்கமாகப் பதிந்திருந்தது. அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டே அது தூக்கத்தைக் கணிப்பதால், அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குபவராக எடுத்துக்கொள்கிறது.

எதிர்பாராத விடை பகல் வரைபடத்தில் இருந்தது: மதியம் 2 முதல் 5 வரை, தொலைக்காட்சி முன் கண்ணயர்ந்திருந்த அந்த மூன்று மணி நேரமும், அசைவே இல்லை. தூக்கக் குறிப்பையும் வரைபடத்தையும் பார்த்த மருத்துவர், பகல் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் நிறுத்தி, உடலின் உட்கடிகாரத்தைச் சீராக்கும் காலை வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். மூன்று வாரங்களாகக் காலையில் சில்வர் பீச்சில் நடக்கிறார். இரவில் ஒருமுறைதான் விழிக்கிறார். பேண்ட் காட்டும் மொத்த நடை அடிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது என்பது எனக்கு வியப்பு.

ரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொன்னவருக்கு: இரண்டும் இயல்பாகவே இருந்தன.