கேம்கார்டர் வீடியோவில் 12 நிமிடத்துக்கு ஒருமுறை சத்தம் அறுபடுகிறது: லேப்டாப்பில் ஏற்றியதில் என்ன தப்பு?

மஞ்சள்குடை:

வணக்கம். அண்ணன் மகள் நடித்த பள்ளி நாடகத்தைப் போன வாரம் கேம்கார்டரில் எடுத்தேன். ஸ்டாண்டில் நிறுத்தி, ரெக்கார்ட் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தியதோடு சரி. ஒன்றே முக்கால் மணி நேரமும் நடுவில் நிறுத்தவே இல்லை. இப்போது அதை லேப்டாப்பில் ஏற்றி எடிட் செய்ய உட்கார்ந்தால் தலைவலி.

முதலில் 64 ஜிபி மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பின் பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகினேன். ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று கேட்டது. பயந்துபோய் உடனே எடுத்துவிட்டேன். அப்புறம் யூஎஸ்பி கேபிளில் கேமராவையே இணைத்தேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் 'ஸ்ட்ரீம்' என்று ஒன்று. அதில் 9 எம்டிஎஸ் (.MTS) வீடியோ கோப்புகள். முதல் எட்டும் 1.99 ஜிபி, கடைசி மட்டும் சின்னது. அந்த ஒன்பதை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டேன்.

எடிட்டரில் வரிசையாக அடுக்கி ஓட்டினால், ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லாம் சத்தம் அரை நொடி காணாமல் போகிறது. படமும் லேசாகத் துள்ளுகிறது. கேமராவிலேயே ஓட்டிப் பார்த்தால் ஒரு பிசிறும் இல்லை. நாளை மறுநாள் இன்னொரு நிகழ்ச்சி எடுக்க வேண்டும். கார்டை இன்று ராத்திரி அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். அழிக்கலாமா?

வேகவண்டி:

எம்டிஎஸ் என்றாலே தொல்லைதான். ஒன்பதையும் ஏதாவது கன்வெர்ட்டரில் போட்டு எம்பி4 ஆக்குங்கள், பிறகு ஒட்டுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். ஒரு ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

பழையடேப்:

மஞ்சள்குடை, கார்டை அழிக்காதீர்கள். முதல் வேலை அதுதான். கேமராவில் சுத்தமாக ஓடுகிறது என்றால் சரக்கு முழுசாகக் கார்டில் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் எடுத்து வந்த விதத்தில்தான் கோளாறு.

வேகவண்டி சொன்னதை இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றினால் அந்த அரை நொடி மௌனம் புதுக் கோப்பிலும் அப்படியே பதிந்துவிடும். கூடவே படத்தின் தரமும் ஒரு படி இறங்கும்.

நடப்பது இதுதான். உங்கள் கேமரா பதிவு செய்வது ஏவிசிஹெச்டி (AVCHD) என்ற வீடியோ முறையில். சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்தது. கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல கேமராக்கள் அதுவரைகூடப் போகாமல் 2 ஜிபியிலேயே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். உங்கள் 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற புதிய முறையில் இருக்கும், அதற்கு இந்த 4 ஜிபி வரம்பு கிடையாது. ஆனாலும் கேமரா பழைய பழக்கத்தை விடாது. விநாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் 2 ஜிபி நிரம்ப ஏறக்குறைய 12 நிமிடம். உங்கள் தலைப்பில் இருக்கும் கணக்கும் அதுதானே?

இந்த வெட்டு, காட்சியைப் பார்த்தோ வசனத்தைப் பார்த்தோ விழுவதில்லை. எம்டிஎஸ் கோப்பு என்பது 192 பைட் அளவுள்ள குட்டிக் குட்டிப் பொட்டலங்களின் வரிசை. படத்துக்கான பொட்டலமும் ஒலிக்கான பொட்டலமும் மாறி மாறி வரும். வெட்டு விழும் இடத்தில் ஒரு ஒலித்துண்டின் பாதி முதல் கோப்பில் நிற்கும், மீதி அடுத்ததில் போய் விழும். தனித்தனியாகத் திறக்கும் எடிட்டர் இரண்டு பாதியையும் தூக்கி எறிந்துவிடும். கேமரா அப்படிச் செய்யாது. ஸ்ட்ரீம் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்திருக்குமே? எது எதன் தொடர்ச்சி என்ற குறிப்பெல்லாம் அங்கேதான். நீங்கள் அவற்றை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

ஆகவே கார்டில் இருக்கும் 'பிரைவேட்' ஃபோல்டரை அப்படியே முழுசாக, உள்ளே எதையும் தொடாமல், பெயர் மாற்றாமல் லேப்டாப்புக்கு நகலெடுங்கள். அடோபி பிரீமியர் வைத்திருந்தால் மீடியா பிரவுசர் வழியாக அந்த ஃபோல்டருக்குப் போங்கள். ஒன்பதும் ஒரே கிளிப்பாகத் தெரியும். பல இலவச எடிட்டர்களுக்கு இந்த ஃபோல்டர் கட்டமைப்பு புரியாது. அங்கே கோப்புகளை முதலில் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் எதில் எடிட் செய்கிறீர்கள்?

மஞ்சள்குடை:

நல்லவேளை கேட்டேன் சார். விண்டோஸ் லேப்டாப்தான், எடிட்டர் ஷாட்கட், இலவசமானதுதான். பிரைவேட் ஃபோல்டரை முழுதாக இழுத்தேன், ஆனால் கேபிளில் பாதியிலேயே இணைப்பு விட்டுப்போகிறது. மூன்றாவது முயற்சியும் 60 சதவீதத்தில் நின்றுவிட்டது. ஸ்லாட்டில் போட்டால் திரும்பவும் அந்த ஃபார்மட் கேள்வி.

கைவிளக்கு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கேபிளில் நகலெடுக்கும்போது கேமராவை பேட்டரியில் ஓட்டாதீர்கள். சார்ஜரைச் செருகிவிட்டு முயலுங்கள். பேட்டரி இறங்கினால் கேமரா தானாக அணைந்துவிடும், நகலும் அதோடு நிற்கும்.

ஸ்லாட் விவகாரம் வேறு. மெமரி கார்டுகளில் எஸ்டிஹெச்சி (SDHC) வகை 32 ஜிபியோடு முடிகிறது. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி (SDXC). உங்கள் லேப்டாப் ஸ்லாட் பழைய எஸ்டிஹெச்சி காலத்தது என்று நினைக்கிறேன். 64 ஜிபி கார்டைப் படிக்கத் தெரியாமல் 'வெற்றுக் கார்டு' என்று முடிவுகட்டி ஃபார்மட் கேட்கிறது. கார்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எஸ்டிஎக்ஸ்சி என்று அட்டையிலேயே போட்டிருக்கும் யூஎஸ்பி கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 ரீடராக இருந்தால்கூட விநாடிக்கு 30 எம்பி கிடைத்தால் உங்கள் 18 ஜிபிக்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

செருகும் முன் கார்டின் விளிம்பில் இருக்கும் அந்தக் குட்டித் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் நகத்தால் தள்ளிவிடுங்கள். கை தவறி ஃபார்மட்டை அழுத்தினாலும் எழுத முடியாது என்று சொல்லிவிடும். திரும்பக் கேமராவில் போடும்போது நீக்க மறக்க வேண்டாம். நான் ஒரு தடவை மறந்துவிட்டு, நிகழ்ச்சி தொடங்கிய பிறகு கேமராவோடு சண்டை போட்டிருக்கிறேன்.

மஞ்சள்குடை:

ரீடர் வாங்கிவிட்டேன். ஒரே மூச்சில் ஏறிவிட்டது. இப்போது ஒட்டுவது எப்படி?

பழையடேப்:

ஏறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கார்டில் இருக்கும் ஃபோல்டர், லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர், இரண்டின் மேலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் பைட் எண்ணிக்கை கடைசி இலக்கம் வரை ஒன்றுதானா என்று பாருங்கள். கடைசிக் கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் நின்ற நகல் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

ஒட்டுவதற்கு மென்பொருள் தேவையில்லை. ஒன்பது கோப்புகளையும் வேறொரு ஃபோல்டரில் நகலாக வைத்துக்கொண்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) அந்த ஃபோல்டருக்குப் போங்கள். 'காப்பி' (copy) கட்டளை, ஓர் இடைவெளி, சாய்கோடும் 'பி' எழுத்தும் (/b), ஓர் இடைவெளி, பிறகு ஒன்பது பெயர்களும் எண் வரிசையில் நடுநடுவே கூட்டல் குறியோடு, மறுபடி ஓர் இடைவெளி, கடைசியில் புதுக் கோப்பின் பெயர். என்டர். பைட்டுக்குப் பின் பைட்டாக ஒட்டிவிடும். மாற்றம் ஏதும் நடக்காததால் தரமும் இறங்காது.

மஞ்சள்குடை:

செய்தேன். உடனே முடிந்துவிட்டது. புதுக் கோப்பு மொத்தமே 4 கேபி! ஒன்றும் ஓடவில்லை.

பழையடேப்:

சாய்கோடு-பியை விட்டுவிட்டீர்கள். அது இல்லாமல் பல கோப்புகளைச் சேர்க்கச் சொன்னால் விண்டோஸ் அவற்றை எழுத்துக்கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே 26 என்ற மதிப்புள்ள பைட் கண்ணில் பட்டதும் 'கோப்பு முடிந்தது' என்று நிறுத்திவிடும். வீடியோவில் அந்த பைட் தொடக்கத்திலேயே எங்காவது வந்துவிடும். மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. 4 கேபியை அழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

மஞ்சள்குடை:

வந்துவிட்டது! ஒரே கோப்பு. ஒவ்வொரு ஒட்டாகப் போய்க் கேட்டேன், எங்கேயும் அறுபடவில்லை. 35-வது நிமிடத்தில், முன்பு மௌனமாக இருந்த இடத்தில், பாப்பா வசனத்தை மறந்து நிற்கிறாள். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ "ராஜா வந்துட்டார்னு சொல்லு" என்று கிசுகிசுப்பதுகூடக் கேட்கிறது. அதை வெட்ட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. குழந்தைகள் ஓடும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிகிறது. இதுவும் நகலெடுத்ததில் வந்த கோளாறா?

பழையடேப்:

இல்லை, அது இன்டர்லேஸ். கேமரா ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை என்று பிடித்திருக்கிறது. ஷாட்கட்டில் வீடியோ மோடை புரோகிரசிவாக (பாதி பாதியாக இல்லாமல் முழுப் படமாக) வைத்து எக்ஸ்போர்ட் செய்தால் டீஇன்டர்லேஸ் ஆகி அந்தக் கோடுகள் போய்விடும். அடுத்த நிகழ்ச்சிக்குக் கேமரா மெனுவில் 'பி' (P, அதாவது புரோகிரசிவ்) என்று முடியும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டை அழிப்பதானால் பிரைவேட் ஃபோல்டருக்கு இன்னொரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, கேமரா மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், லேப்டாப்பில் வேண்டாம்.

வேகவண்டி:

நான் இரண்டு வருடமாக எம்பி4 ஆக மாற்றிவிட்டு எம்டிஎஸ்ஸை அழித்துக்கொண்டிருந்தேன். அந்த எம்பி4 துண்டுகளை இதே கட்டளையால் ஒட்டினால் போன சத்தம் வருமா?

பழையடேப்:

வராது. எம்பி4-இல் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கோப்புக்கு ஒன்றாக இருக்கும். பைட்டுக்குப் பைட் ஒட்டினால் முதல் துண்டு மட்டும் ஓடி நின்றுவிடும். எந்தக் கார்டையாவது இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா, பாருங்கள்.