பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போவது பிள்ளைகளுக்கு நல்லதா?

தோட்டத்துக்காரர்:
தங்கச்சி வீட்டில் தினமும் குடி, அடிதடி. பிரிந்து வந்துவிடலாமா என்று கேட்கிறாள். "ரெண்டு புள்ளைக மொகத்தப் பார்த்துப் பொறுத்துக்கோ கண்ணு" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. தகப்பனை விட்டு வந்த பெண்ணை நாளைக்கு யார் கட்டுவார்கள்? நாங்களும் அப்பாரு கையால் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். கெட்டா போய்விட்டோம்?

சென்னிமலை டீச்சர்:
ஏனுங்கண்ணா, அந்தப் பிள்ளைகளிடம் கேட்டீர்களா? என் வகுப்பில் ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி. அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே குடித்திருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். குடித்திருந்தால் தம்பியை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய்விடுவாள். அதற்கு முன் அரிவாமணையை எடுத்து ஒளித்துவைப்பாள். "பொறுப்பான புள்ள" என்று சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். வகுப்பில் டஸ்டர் கீழே விழுந்தாலே அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். அப்புறம் கணக்கு எங்கே ஏறும்? தோட்டத்துச் சாளை வீட்டில் நடப்பது பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடக் கேட்காது. ஒறம்பரை வந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பல்லடத்தான்:
டீச்சர், பிரிந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? அம்மா பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட், பிள்ளை ஹாஸ்டலில். வாடகையை யார் கொடுப்பது? அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சென்னிமலை டீச்சர்:
பணக்கஷ்டம் உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோ ஊரில், சின்ன வயதில் வீட்டில் அடி, குடி, அம்மா அடிபட்டது இதெல்லாம் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு 1998-இல் வெளியிட்டார்கள். இப்படி நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் ஒன்றுமே படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம்.

கட்டிங் மாஸ்டர்:
இந்தக் கணக்கைக் காட்டித்தான் எங்களை மாதிரி ஆட்களுக்கு முத்திரை குத்துகிறார்கள். "குடிகாரன் மகன், அவனும் அப்படித்தான்" என்று. எனக்குப் பெண் பார்க்கும்போது இதே பேச்சு வந்தது. ஹவாய்ப் பக்கம் கவாய் தீவில் 1955-இல் பிறந்த பிள்ளைகளை எம்மி வெர்னர் என்கிற அம்மையார் வளர்ந்து ஆளாகிற வரை கவனித்தார். ரொம்ப மோசமான சூழ்நிலையில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே வந்திருக்கிறார்கள். நம்பிப் போய் நிற்க யாராவது ஒரு பெரியவர் இருந்தது அதற்கு ஒரு காரணம். எனக்கு எங்க அமுச்சி, அம்மாவைப் பெத்தவங்க. பரீட்சை வந்தால் அங்கேதான் இருப்பேன்.

பல்லடத்தான்:
அப்போ மீதி ரெண்டு பங்கு?

கட்டிங் மாஸ்டர்:
அதைத்தான் தோட்டத்துக்காரர் யோசிக்கணும். நான் தப்பித்தேன் என்பதற்காக அவங்க தங்கச்சி பிள்ளைகளும் தப்பிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பேச ஆள் இல்லையென்றால் 14416-க்கு அடிக்கலாம், அரசாங்கத்து மனநல எண், தமிழிலேயே பேசுவார்கள்.

தோட்டத்துக்காரர்:
படிச்சவங்க சொல்றீங்க, சரி. பிரிக்கிறதுக்கு எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளை மட்டும் கொஞ்ச நாள் இங்கே கூட்டி வரலாமென்றால், மாப்பிள்ளையைக் கேட்காமல் எப்படிங்க?

சென்னிமலை டீச்சர்:
மாமன் வீட்டுக்கு வர யாரைக் கேட்கணும்? தங்கச்சியையும் சேர்த்துக் கூட்டி வாங்க, அவளை மட்டும் அங்கே விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பையையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்க.