புதுப்பிப்பு: இரவில் உறக்கம் வராமல் தவித்தது பற்றி

பத்து மணிக்கே படுத்தும் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வரை கண்மூட முடியவில்லை என்று ஆறு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். பதிலளித்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

உறக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் எனக்குக் கைகொடுத்தது. 1972இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை அது. படுக்கையில் விழித்தபடியே கிடந்தால், படுக்கை என்பதே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை முறிப்பதே இதன் நோக்கம். எனவே இருபது நிமிடம் போல் ஆனதாகத் தோன்றினால் எழுந்து, அடுத்த அறையில் மங்கிய விளக்கொளியில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருப்பேன். கண் சொக்கும்போது மட்டுமே படுக்கைக்குத் திரும்புவேன். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பகல் தூக்கத்தையும் விட்டேன்.

முதல் வாரம் மிகக் கடினமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் பகலில் தலை கனத்து, ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன். அத்தகைய நாள்களில் வாகனம் ஓட்டாதீர்கள்.

மாலைக் காப்பியை நிறுத்தியதும் உதவியது. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும்.

இப்போது பெரும்பாலான இரவுகளில் அரைமணிக்குள் உறங்கிவிடுகிறேன். மாத்திரை குறித்துக் கேட்டவர்களுக்கு: என் மருத்துவர் இம்முறையையே முதலில் தொடரச் சொன்னார்.