அப்பா நெஞ்சில் இருந்தது எந்தக் கம்பெனித் தூசி?

திருவொற்றியூர் மகள்:
அப்பா 1984 முதல் 2001 வரை மணலியில் ஒரு தொழிற்சாலையில் லேகிங் வேலை பார்த்தார். நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவார், பழைய உறையை உளியால் கொத்தி எடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். 2016-ல் மூச்சுத் திணறல் வந்தது. டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் ஒரு தடவைகூடக் கிருமி தெரியவில்லை. அப்புறம் சிடி ஸ்கேனில்தான் நுரையீரல் உறையில் திட்டுகள் தெரிந்தன. ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு இல்லை. அதனால் 1923-ஆம் வருடத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டோம். கம்பெனி நோயை மறுக்கவில்லை. "எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள். பீடியும் குடிப்பார்" என்றது. கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் வேலை வாங்கிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்போது இடம் தந்தது. பீடிக்கு டாக்டரே பதில் சொன்னார்: புகை நுரையீரலைக் கெடுக்கும், ஆனால் உறையில் இந்தத் திட்டுகளை உண்டாக்காது.

பதினேழு வருட வேலையைக் காட்டியது அம்மாவின் ட்ரங்குப் பெட்டிதான். வருடா வருடம் புதுப்பித்த கேட் பாஸ் எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அப்பாவோடு வேலை பார்த்த எர்ணாவூர் அண்ணன் இருமிக்கொண்டே சாட்சி சொன்னார். "அது ஆஸ்பெஸ்டாஸ் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு மூட்டையை வாங்கினதே நான்தானே சார், மேலேயே எழுதியிருக்கும்" என்றார். ஸ்டோர் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னோம். கடைசிவரை வரவில்லை. 2019-ல் உத்தரவு எங்கள் பக்கம் வந்தது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
அம்மாவுக்கு என் வணக்கம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் மருத்துவப் பதிவுகளை, வேலையில் சேர்ந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பதிவுகளை மனுவிலேயே கேளுங்கள். எனக்கு இஎஸ்ஐ இருந்ததால் இஎஸ்ஐ மெடிக்கல் போர்டு வழியாகத்தான் போக முடிந்தது; இஎஸ்ஐ, ஆணையர் என்று இரண்டு பக்கமும் கேட்கச் சட்டம் விடாது.

ராயபுரம் மகன்:
என் அப்பா துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் வேலை பார்த்தவர். போன மாதம் தவறிவிட்டார். இனிமேல் எதை வைத்துக் கேட்பது?

திருவொற்றியூர் மகள்:
மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி. மனுவுக்கு இரண்டு வருடக் கெடு உண்டு, அதனால் வக்கீலை இந்த வாரமே பாருங்கள். அப்பாவோடு கப்பலில் இறங்கியவர்கள் யார் யார் என்று இன்றைக்கே அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் எக்ஸ்ரே ஃபிலிம்களை மட்டும் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.