கமிட் மெசேஜ்ல என்னதான் எழுதுறது?

லாஸ்பேட்டைக்காரன்:
வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட் மென்பொருள்ல, ஒவ்வொரு பதிவுக்கும் (கமிட்) ஒரு குறிப்பு எழுதணும், அதான் மெசேஜ். கோடு சரிங்கிறாங்க, ஆனா ரிவியூவுல "மெசேஜை மாத்து"ன்னு திருப்பி அனுப்புறாங்க. நான் போடுறது "பக் ஃபிக்ஸ்", "சின்ன மாற்றம்" மாதிரி. எந்த வரி மாறுச்சுன்னு டிஃப்லயே தெரியுதே, அதுக்கு மேல என்ன எழுதணும்?

வில்லியனூர்க்காரி:
கமாண்ட்லயே மெசேஜைச் சேர்த்து அடிக்கிற மைனஸ் எம் (-m) போடுறீங்கன்னா, முதல்ல அதை விடுங்க. வெறும் கிட் கமிட்னு அடிச்சா எடிட்டர் திறக்கும். தலைப்பு ஒரு வரி, 50 எழுத்துக்குள்ள. அடுத்து ஒரு காலி வரி. அப்புறம் விவரம், 72 எழுத்துக்கு மடக்கி. காலி வரி கட்டாயம். இல்லன்னா கமிட்டுக்கு ஒரு வரின்னு பட்டியல் காட்டுற லாக் ஒன்லைன்ல தலைப்பும் விவரமும் ஒட்டிக்கும்.

கெடிலம்:
டிஃப்ல காரணம் இருக்காது தம்பி. கடலூர் துறைமுகத்துல மீன் ஏலக் கணக்கு மென்பொருள் ஒண்ணு பார்த்துக்கிறேன். அதுல ஒரு இடத்துல 45ங்கிறது 61 ஆயிருக்கு. எந்த வரியை எந்த கமிட்ல யார் மாத்தினாங்கன்னு பிளேம் போட்டுப் பார்க்கிறவனுக்கு அது ஐஸ் விலையா, வட்டி நாளான்னு எப்படித் தெரியும்? மெசேஜ் இப்படி இருக்கு:

மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளாக மாற்று

கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் தடை ஏப்ரல் 15 – ஜூன் 14. முன்பு மே 29 வரை, 45 நாள். விசைப்படகுக் கணக்குக்கு மட்டும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அதைத் தொடவில்லை.

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடிச்சது. தொடாம விட்டதையும் எழுதணும். இல்லன்னா பின்னாடி வர்றவன், மறந்துட்டாங்க போலன்னு அதையும் "சரி" பண்ணி வைப்பான். ஃபைபர் படகுக்காரங்க கணக்கு ரெண்டு மாசம் முடங்கும்.

தலைப்புல ரெண்டு வேலை வந்தா அது ரெண்டு கமிட், பிரிச்சுடு. 50ன்னு எண்ணிக்கிட்டு உக்காராதே, அது வழக்கம்தான், கிட் தடுக்காது.

லாஸ்பேட்டைக்காரன்:
புரியுதுண்ணா. ஏற்கெனவே போட்டதை மாத்தலாமா? அந்த வேலைக்கு கம்பெனி கொடுத்த டிக்கெட் நம்பர் மட்டும் போட்டா போதாதா?

கெடிலம்:
கடைசி கமிட்னா அமெண்ட் பண்ணு, அதையே திருத்தி எழுதலாம். பொது இடத்துக்கு அனுப்பி (புஷ்) மத்தவங்க எடுத்துட்டாங்கன்னா விட்டுடு. கமிட்டோட அடையாள எண்ணான ஹேஷ் மாறும், எல்லாருக்கும் தலைவலி. டிக்கெட் நம்பர் போடு, ஆனா கம்பெனி டிக்கெட் மென்பொருளை மாத்துற அன்னைக்கு பழைய நம்பர் எதுவும் திறக்காது. மெசேஜ் கோடு கூடவே வரும்.

வில்லியனூர்க்காரி:
கிட் லாக்ல ஆத்தர்னு உங்க ரிவியூவர் பேரைப் போட்டுப் பாருங்க. நல்லா எழுதுறவர்னா அதையே மாதிரியா வச்சுக்கலாம். அவரும் "பக் ஃபிக்ஸ்"தான்னா, இங்க வந்து சொல்லுங்க 😄