தொட்டித் தண்ணி, மருந்து வாடை, வயித்துப்போக்கு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

களப்பணி:
ஆறு வருஷம் ஆச்சு, அந்தக் குழாயடி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. போர் தண்ணியை மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்தி, பிளீச்சிங் பவுடர் போட்டு விடுற ஊர்கள்ல சின்னப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு வயித்துப்போக்கு வருதுன்னு பார்க்குற ஆய்வு. ஆரணிப் பக்கம் நான்தான் நோட்டோட வீடு வீடாப் போனவன். வாரம் ஒருக்கா ஒரே கேள்வி: 24 மணி நேரத்துல எத்தனை தடவை தண்ணியாப் போச்சு? மூணுன்னா வயித்துப்போக்கு. ரெண்டுன்னா கணக்குல வராது. "யாருப்பா எண்ணிக்கிட்டிருந்தா"ன்னுதான் பாதி அம்மாக்கள் சொல்வாங்க.

தெருக்கோடி வீடு, கடைசிக் குழாய். குளோரின் பார்க்குற கண்ணாடிக் குழாய்ல தண்ணி பிடிச்சு சொட்டு விட்டேன். அந்தப் பவுடரோட குளோரின் தண்ணில இருந்தா மஞ்சள் வரணும். வரலை. இன்னும் ரெண்டு சொட்டு. ம்ஹூம். பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு அந்த அக்கா எட்டிப் பார்த்தாங்க. "கலரே மாறலையே, அப்போ நல்ல தண்ணிதானே தம்பி?"

குறிச்சு மேல அனுப்பணும், வீட்டுல எதையும் சொல்லி அவங்க பழக்கத்தை மாத்திடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. நான் தலையாட்டினேன். ஆமாங்கிற மாதிரி.

அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்துச்சு. பாப்பாவுக்கு ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்குன்னு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாங்க. பொழைச்சுக்கிச்சு. அந்தத் தண்ணியாலதான்னு என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா தலையாட்டினது நான்தான். தொட்டி ஆபரேட்டர் மட்டும் ஒழுங்கா மருந்து போட்டிருந்தா அந்தக் கேள்வியே வந்திருக்காது.

மேடவாக்கம் விஜி:
2019 வெயில் ஞாபகம் இருக்கும்ல, போர் வத்திப் போய் கேனுக்கு அலைஞ்சோம். எது கிடைச்சாலும் வாங்கினோம். ஒரு நாள் கேனைக் கவுக்கும்போது என் பையன் "அம்மா, உள்ள புல்லு"ன்னான். அடியில பச்சைக் கோடு, பாசி. அந்தக் கேன்ல ஏற்கெனவே நாலு நாள் குடிச்சாச்சு. அந்த வாரம் வீட்டுல நாலு பேருக்கும் பாத்ரூம்தான் வீடு.

அப்புறம்தான் ஆர்.ஓ. வாங்கினோம். வித்தவர் ரெண்டு டம்ளர்ல கம்பி விட்டுக் காட்டினார், எங்க போர் தண்ணி சாக்கடை மாதிரி ஆயிடுச்சு, அவங்க தண்ணி அப்படியே இருந்துச்சு. பார்த்ததும் வயித்தைப் பிசைஞ்சுது. உடனே பணம் கட்டிட்டோம்.

கோவை மெக்கானிக்:
விஜி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. 11 வருஷமா ஆர்.ஓ. சர்வீஸ் பண்றேனுங்க. அந்தக் கம்பி வித்தையில தெரிஞ்சது அழுக்கே இல்ல. ஒரு கம்பி இரும்பு. கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துருவா மிதக்கும். உப்பு இருக்குற தண்ணில கரண்ட் நல்லாப் போகும், அதான் பழுப்பு. ஆர்.ஓ. தண்ணில உப்பு குறைவு, கரண்ட் போகாது, கலரும் வராது. அதே ஆர்.ஓ. தண்ணில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கணும், அதுவும் சாக்கடை ஆயிருக்கும்.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு வீட்டுல குழந்தைக்கு அடிக்கடி வயித்தால போகுதுன்னு கூப்பிட்டாங்க. டிடிஎஸ் 60, சூப்பர்னு அவங்களே மீட்டர் வெச்சுக் காட்டினாங்க. மிஷினோட தண்ணி டேங்க்கைத் திறந்து உள்ள விரல் விட்டேன். வழவழன்னு, வெண்டைக்காய் மாதிரி. ரெண்டு வருஷம் யாரும் கழுவலை.

இனி வாங்கறவங்க கேட்டுக்கோங்க. டிடிஎஸ் மீட்டர் கரைஞ்ச உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 60 காட்டுற தண்ணிலயும் கிருமி இருக்கலாம், 900 காட்டுற தண்ணில ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். மிஷினுக்குள்ள இருக்குற கரி ஃபில்டர் முதல்ல குளோரினைத்தான் எடுத்துடும். அப்ப டேங்க்ல நிக்கிற தண்ணிக்குக் காவல் கிடையாதுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா டேங்க்கைக் கழுவச் சொல்லுங்க, முன்னாடி நின்னு பாருங்க. டேங்க்குக்கு அப்புறம், குழாய்க்கு முன்னாடி கிருமியைக் கொல்ற யு.வி. விளக்கு இருக்கான்னும் எரியுதான்னும் கேளுங்க. வெளியூர் போய் வந்தா முதல் டேங்க் தண்ணியைக் கீழ விட்டுடுங்க. போர்ல உப்பே கம்மின்னா ஆர்.ஓ. எதுக்குங்க, கொதிக்க வெச்சாலே போதும்.

600 அடி:
எங்க போர் 600 அடி. பாறைக்குக் கீழ இருந்து வர்ற தண்ணில எந்தக் கிருமிங்க வரும்? மருந்து போட்டுத்தான் நல்ல தண்ணியைக் கெடுக்குறாங்க. எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

தொட்டிக்காரர் மகள்:
களப்பணி அண்ணா, உங்க கடைசி வரியைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை.

எங்கப்பா தொட்டி ஆபரேட்டர். காலையில அஞ்சு மணிக்கு மோட்டார். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு, எங்க 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்க விட்டு, தெளிஞ்சதை மட்டும் மேல தூக்கிட்டு ஏணி ஏறுவாரு. அரை மணி நேரம் ஊறணும், அதுக்கப்புறம்தான் வால்வைத் திறக்கணும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு முட்டி வலி வந்தப்ப ஏணி ஏறினது நான்தான்.

ஒரு நாள் ஒரு பெரியம்மா குடத்தோட வந்தாங்க. "மருந்து வாடை குமட்டுது, சோறு ஆக்க முடியலை, எங்களைக் கொல்லப் பாக்குறியா"ன்னு சொல்லி, குடத்துத் தண்ணி அத்தனையையும் அப்பா காலடியில ஊத்தினாங்க. அவரோட செருப்பு நனைஞ்சு நின்னது இப்பவும் தெரியுது. அப்பா ஒரு வார்த்தை பேசலை. மறுநாள் 120ஐ 60 ஆக்கினாரு. அடுத்த வாரம் ரெண்டு நாளைக்கு ஒருக்கான்னு ஆச்சு. ஊர்ல எல்லாரும் "இப்பதான் தண்ணி தித்திப்பா இருக்கு"ன்னாங்க.

பவுடர் மூட்டை வேற மழையில நனைஞ்ச கொட்டகையில கிடக்கும். வரும்போது 30 சதவீதத்துக்கு மேல குளோரின் இருக்கும், ஈரம் பட்டா நாளுக்கு நாள் குறையும். 120 கிராம் போட்டாலும் பாதி சுண்ணாம்புதான். புது மூட்டை கேட்டு அப்பா எத்தனை தடவை மனு எழுதினாருன்னு எனக்குத் தெரியும், ஏன்னா எழுதினதே நான். உங்க கண்ணாடிக் குழாய்ல மஞ்சள் வராததுக்கு எங்கப்பா மாதிரி ஒருத்தர் சோம்பேறியா இருந்ததுதான் காரணம்னு எழுதாதீங்கண்ணா.

நாவற்குழியான்:
தங்கச்சி சொன்ன வாடைக் கதை எங்கட ஊரிலயும் அப்பிடியே நடந்தது. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, எல்லாருக்கும் கிணறுதான். கீழ சுண்ணாம்புக்கல், வெடிப்பு வெடிப்பா இருக்கும். மேல ஊத்தினது வடிகட்டுப்படாமலே கிணத்துக்குப் போயிடும். 600 அடி அண்ணை இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

மாரி மழைக்கு வளவெல்லாம் வெள்ளம். கிணத்துக் கட்டுக்குச் சமனாத் தண்ணி. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து குளோரின் போட்டிட்டுப் போனவர். அம்மம்மா ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு அப்பிடியே துப்பினவ. "இது ஆசுப்பத்திரி மணம், பக்கத்து வளவில அள்ளிக்கொண்டு வா" எண்டா. நான்தான் வாளியோட போனனான். அந்தக் கிணத்துக்குக் குளோரின் போடேல்லை, ஆக்கள் கொழும்பில. மலக்குழி வேலிக்கு அங்கால நாலு எட்டு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அள்ளினனான், தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது எண்டு.

மூண்டாம் நாள் அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில ஏத்தினம். அவ என்ர சேட்டைப் பிடிச்சுக்கொண்டு "தண்ணி தா" எண்டு கேட்டது...

ஒன்ராறியோ ஆபரேட்டர்:
நானும் தண்ணி ஆபரேட்டர்தான், கனடாவில். தொட்டிக்காரர் மகளுக்காக எழுதுகிறேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்தால் வாக்கர்டன் கதையைக் கேட்காமல் இருக்க முடியாது. ஐயாயிரம் பேர் வாழ்ந்த சின்ன ஊர், கிணற்றுத் தண்ணீர், குளோரினும் உண்டு. 2000 மே மாதம் கொட்டிய மழையில் மாட்டுச் சாணத்தில் இருந்த ஈகோலை கிருமி ஆழமில்லாத 5ஆம் எண் கிணற்றுக்குள் போனது. குளோரின் போதவில்லை. 2,300 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் மட்டும் குளோரின் அளவு ஒழுங்காக இருந்தது: 0.5, 0.75, 0.5, 0.75. அளக்காமலே எழுதிய எண்கள். விசாரணையில் வெளிவந்தது. ஊர்க்காரர்களுக்கு குளோரின் ருசி பிடிக்காது என்பதும் அங்கே பேசப்பட்டது.

என் முதல் மாதம். பனி, கை விறைத்துப்போயிருந்தது. பம்ப் அறைக்குப் போகாமல் வண்டியில் உட்கார்ந்தபடியே முந்தின நாள் அளவைப் பார்த்து 0.6 என்று எழுதினேன். எழுதி முடித்ததும் பேனா கையிலேயே நின்றுவிட்டது. இறங்கிப் போய் அளந்தேன். 0.6தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

வார்டு சிஸ்டர்:
எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசுறீங்க, போக்கு வந்த பிறகு என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை. ஒரு அம்மா ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுசையும் ஒரு டம்ளர்ல கரைச்சுக் குடுத்திருந்தாங்க. "சத்து நிறைய இறங்கட்டும்னு சிஸ்டர்"னு சொன்னாங்க. குழந்தை கண்ணு குழிக்குள்ள போயிருந்துச்சு. அவங்க அன்போடதான் செஞ்சாங்க, அதான் தாங்கலை.

தயவுசெஞ்சு குறிச்சுக்கோங்க. பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கொதிக்க வெச்சு ஆறினது. டம்ளர் அளவு பாக்கெட்டும் கடையில உண்டு, மேல எழுதியிருக்குறதைப் படிச்சுட்டுக் கரைங்க. பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. உப்பு கூடினா ஆபத்து. கரைச்சது 24 மணி நேரம்தான். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. "தண்ணி குடுக்காதே, போக்கு தானா நிக்கும்"னு சொல்ற பெரியவங்க எல்லா வீட்டுலயும் இருப்பாங்க, அன்னைக்கு மட்டும் அவங்க பேச்சைக் கேக்காதீங்க. டாக்டர் எழுதின துத்தநாக மருந்தை, போக்கு நடுவுல நின்னாலும், மொத்தம் 14 நாள் முழுசாக் குடுங்க. அழுதா கண்ணீர் வரலை, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, துவண்டு கிடக்கு, மலத்துல ரத்தம்: இதுல ஒண்ணு இருந்தாலும் வண்டியை எடுங்க.

600 அடி:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை.

களப்பணி:
600 அடி அண்ணே, நீங்க கேட்டதைத்தான் நானும் பயிற்சியில கேட்டேன். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல 14 சின்ன ஊர்கள், நிலத்தடித் தண்ணி, கிருமிநாசினி எதுவும் போடாம நேரா குழாய்க்கு. பார்க்கப் படு சுத்தம். வீட்டுக் குழாய் தண்ணியை எடுத்து ஆராய்ஞ்சா மனுஷக் குடல் வைரஸ். அங்க வந்த வயித்து நோய்ல 6லேருந்து 22 சதவீதம் வரை இந்தத் தண்ணி வைரஸால இருக்கலாம்னு 2012ல கணக்குச் சொன்னாங்க. வைரஸ் ரொம்பப் பொடிசு, பாக்டீரியா சிக்குற இடுக்குலயும் அது நுழைஞ்சுடும். உங்க போர் 600 அடிதான், ஆனா போர் குழிக்குள்ள சுவர் மாதிரி இறக்குற கேசிங் குழாய் எத்தனை அடிக்கு இறக்கினாங்க? 20 அடியோட நிறுத்தியிருந்தா மேல்தண்ணி பக்கவாட்டுல வழிஞ்சு உள்ளதான் விழும். அப்புறம் தொட்டி, தெருக் குழாய், சாக்கடையை ஒட்டிப் போற இணைப்பு, இதெல்லாம் 600 அடிக்குக் கீழ இல்ல. 2022 ஜூலையில காரைக்கால்ல காலரா வந்து பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்களே, அப்பவும் குழாய் உடைப்பைத்தான் தேடி அடைச்சாங்க. அதனாலதான் கடைசிக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்கணும்ங்கிறது.

தொட்டிக்காரர் மகளே, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாதும்மா. அன்னைக்கு அந்த ஊர் ஆபரேட்டரை நான் பார்க்கக்கூட இல்ல. அப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு.

ஞாயித்துக்கிழமை ஆரணி போறேன். பாப்பா இப்போ ரெண்டாம் கிளாஸ் படிக்கும். கண்ணாடிக் குழாயும் சொட்டு மருந்தும் பைல எடுத்து வெச்சிருக்கேன்.